வடசேரியில் செய்த போர் விமானம்

நாகர்கோவில்,
புதன்கிழமை மத்தியானம்.

அன்பு மிகுந்த அளியன் இஞ்ஞாசிக்கு,

உன் அக்காள் விக்டோரியாவைக் கட்டியவன் கிளீட்டஸ் எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் மூச்சும் பேச்சுமாக இருக்கிறோம். தோஹா வெயிலில் நீயும் அப்படியே இருக்க மாதாவிடம் சொல்லியிருக்கிறேன். நீ கொடுத்தனுப்பிய பால்பொடி டின்னும் தலைவலித் தைலமும் வந்து சேர்ந்தன. தைலத்தை உன் அக்காள் முழங்காலுக்குத் தேய்க்கிறாள். பால்பொடியை நான் யாருக்கும் தெரியாமல் வெறுமனே அள்ளித் தின்கிறேன். அவளுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, கோபம் இறங்கவில்லை.

வாட்ஸ்அப் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு எழுதுகிறான் என்று நீ நினைப்பாய். என் போனில் வருவதையும் போவதையும் கடை விஷயமாக மகள் ஜின்சிதான் பார்க்கிறாள். வாயால் பேசி அனுப்பலாம் என்றால், நான் பேசினால் வடசேரி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவன் பதில் சொல்லுவான். அதனால் இன்றைக்கு உங்கள் ஊருக்குப் புறப்படுகிற அபின் கையில் கொடுத்துவிடுகிறேன். நாலு மணிக்கு வந்து பொதியை வாங்கிக்கொள்கிறேன் என்றிருக்கிறான். பொதியில் நெத்திலிக் கருவாடும், உன் அக்காள் சுட்ட முந்திரிக்கொத்தும், இந்தக் கடிதமும் இருக்கும். முந்திரிக்கொத்தை எண்ணிப் பார்க்காதே. அபின் நல்ல பையன், ஆனால் பசி உள்ளவன்.

காரியத்துக்கு வருகிறேன். உன் கம்பெனியில் ஃபைல் பார்க்கிற வேலைக்கு ஜின்சியைச் சொல்லி வைத்து, மேனேஜர் சம்மதமும் வாங்கிவிட்டு, பாஸ்போர்ட் நகலும் சர்டிபிகேட்டும் கேட்டு நீ மூன்று தடவை போன் செய்துவிட்டாய். "இன்னும் எதுக்காக்கும் அத்தான் தாமசம்? மாசம் முடிஞ்சா வேற ஆளப் போட்டுருவானுவ" என்றாய். நான் மூன்று தடவையும் "நாளைக்கு" என்றேன். இத்தனை வருஷத்தில் ஒரு மீன் வியாபாரிக்குக்கூடப் பெட்டியை நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லாதவன் நான். உன்னிடம் சொன்னதற்குக் காரணம் உண்டு. அதை ஒளிக்காமல் எழுதுகிறேன். படித்துவிட்டு யாரிடமும் சொல்லாதே, முக்கியமாக உன் அக்காளிடம்.

முதல் குற்றவாளி நீ. போன வருஷத்துக்கு முந்தின வருஷக் கிறிஸ்மஸுக்கு வந்தபோது எல்லோருக்கும் சோப்பும் சென்ட்டும் கொடுத்தாய், ஜின்சிக்கு மட்டும் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. "ஏரோநாட்டிக்கல் படிச்ச பிள்ளைக்கு சோப்பு குடுத்தா கொள்ளாமா அத்தான்?" என்று சொல்லி, ரிமோட்டில் பறக்கிற போர் விமானம் ஒன்றை வெளியே எடுத்தாய். அன்றைக்கே இனயம் கடற்கரையில் சொந்தக்காரர்கள் எல்லோரும் கூடி நிற்க, நீ ரிமோட்டைப் பிடித்தாய். அது உன் பேச்சைக் கேட்காமல் லட்சத்தீவைப் பார்த்து நேராகப் போய்விட்டது. நீ லீவு முடிந்து போய்விட்டாய். மூன்றாம் நாள் ஒரு வள்ளத்து வலையில் சாளையோடு சாளையாக அது கரைக்கு வந்தது. ஏலம் விளிக்கிறவன் அதையும் கூடையில் வைத்து விளித்தான். கேட்பாரில்லை, நான் எடுத்து வந்தேன். வீட்டில் கொண்டுபோய் மேஜையில் வைத்ததுதான் தாமதம், ஜின்சி ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்துவிட்டாள். அரை மணி நேரம் கழித்து, "அப்பா, இத செஞ்சவனுக்கு சிறகு எங்க நிக்கணும்னு தெரியல்ல. ரெண்டு விரல் பின்ன தள்ளணும். காத்து போற வாயும் போராது, மூச்சு முட்டும்" என்றாள். வீட்டில் பேசுகிற பேச்சாக நானும் "அப்ப நீ செய்யி மக்கா, பாப்போம்" என்று சொல்லிவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாததால் வந்த வினை எல்லாம் இதற்குப் பிறகுதான்.

என் கதை உனக்குத் தெரியும். பதினேழு வயதில் இனயத்திலிருந்து மீன் பெட்டி சுமக்க வந்தவன். சுமந்து சுமந்து பெட்டியைப் பற்றி எல்லாம் தெரிந்துகொண்டு, இன்று வடசேரிச் சந்தைக்குப் பின்னால் தெர்மாகோல் பெட்டிக் கிட்டங்கி வைத்திருக்கிறேன். பிள்ளை ஏரோநாட்டிக்கல் படிக்கிறேன் என்றபோது, "மக்கா, நம்ம ஊர்ல விமானம் எங்க நிக்கும்?" என்று கேட்டேன். "படிச்சா நிக்கும்ப்பா" என்றாள். நாலு வருஷம் படித்தாள். பிறகு இரண்டு வருஷம் விண்ணப்பம் எழுதினாள். எல்லாக் கம்பெனியும் அனுபவம் இருக்கா என்று கேட்டது, ஒரு கம்பெனியும் அந்த அனுபவத்தைத் தருவதாக இல்லை. கடைசியில் என் கிட்டங்கியில் பில் போட உட்கார்ந்தாள். ஜெட் என்ஜின் எப்படி மூச்சு விடும் என்று படித்த பிள்ளை, வருகிறவனிடமெல்லாம் "பத்து கிலோ பெட்டியா, இருவது கிலோ பெட்டியா?" என்று கேட்கிறாள். நான் அதற்கெல்லாம் மனம் கலங்குகிற ஆள் இல்லை. அவள் கேட்கும்போது கொஞ்சம் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன், அவ்வளவுதான்.

முதல் விமானத்தை உடைந்த பெட்டி மூடிகளை வைத்துச் செய்தாள். கடையில் தெர்மாகோல் அறுக்கிற சூட்டுக் கம்பி இருக்கிறதல்லவா, அதை வைத்து வெண்ணெய் அறுப்பது போல அறுத்து, தேய்த்து, ஒட்டினாள். பார்த்தால் குடியரசு தினத்தில் டிவியில் போகிறதே, அதே சாடை. கையில் எடுத்தேன், எடையே இல்லை. கடற்கரையில் பிறந்த எவனுக்கும் வருகிற புத்தி எனக்கும் வந்தது. ஃபைபர் வள்ளத்துக்கு அடிக்கிற ரெசினை வாங்கி மேலே பூசினால் கல் மாதிரி ஆகிவிடும், கடலைத் தாங்குகிறது காற்றைத் தாங்காதா என்று நினைத்தேன். பிள்ளை ஒரு கஸ்டமரிடம் பேசப் போன நேரம், அவளுக்கு ஒரு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று பிரஷ்ஷை எடுத்துத் தாராளமாகப் பூசினேன். அளியா, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிறகு சுருங்கியது. மூக்கு உள்ளே போனது. வெயிலில் வைத்த குச்சி ஐஸ் மாதிரி விமானம் விமானமாகவே கரைந்து செய்தித்தாளில் ஓடியது. நான் ஊதிப் பார்த்தேன், துணியால் ஒற்றிப் பார்த்தேன், துணி ஒட்டிக்கொண்டது. பிள்ளை திரும்பி வந்தாள்.

"எங்கப்பா பிளேன்?"

"இந்தா, இங்கதான் நின்னுது மக்கா."

"ரெசின் பூசுனியா?"

"லேசா."

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் சிரித்த சிரிப்பில் இருபது கிலோ பெட்டி அடுக்கு ஒன்று சரிந்து விழுந்தது. ரெசினில் இருக்கிற ஒரு சரக்கு தெர்மாகோலைக் கரைத்துவிடுமாம். பிறந்ததிலிருந்து ரெசின் மணத்தில் வளர்ந்து, இருபத்திரண்டு வருஷம் தெர்மாகோல் விற்றவன் நான். இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்ததே இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"மேல ஒரு தோல் மாதிரி வேணும்ப்பா. லேசா, வழுவழுன்னு, இழுத்தா கிழியாம" என்றாள். நான் சுற்றுமுற்றும் பார்த்தேன், மீன் பெட்டிக்குச் சுற்றுகிற டேப் கையிலேயே இருந்தது. சுற்றினோம். சிறகு பலகை மாதிரி நின்றது. ஒரே ஒரு குறை, அது நம் கடைக்கு என்று அச்சடித்த டேப். ஒவ்வொரு சாணுக்கும் 'கிளீட்டஸ் தெர்மாகோல், வடசேரி' என்று சிவப்பில் எழுதி, கீழே போன் நம்பரும் இருக்கும். ஆக மொத்தம் கொச்சிக்குப் போகிற அயிலைப் பொதி போல ஒரு போர் விமானம். அது மூன்றாவது மாடல் (இரண்டாவதின்மேல் நான் உட்கார்ந்துவிட்டேன், அதை விடு). தேரூர்ப் பக்கம் அறுப்பு முடிந்த வயலில் விட்டோம். பறந்தது. நன்றாகப் பறந்தது. ரொம்ப நன்றாகப் பறந்ததால் திரும்பி வரவில்லை. நாங்கள் வரப்பில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது என் போன் அடித்தது.

"கிளீட்டஸ் தெர்மாகோலா?" ஒரு பெண் குரல்.

"ஆமா. எத்தன பெட்டி வேணும்?"

"பெட்டியா? ஒம்ம பெட்டிக்கு சிறகு மொளச்சு எனக்க மொட்டமாடியில வந்து கெடக்கு ஓய்! வந்து எடுத்துட்டுப் போம்."

பேசியவள் செல்லக்கனி என்று கருவாடு காயப்போட்டு விற்கிறவள். ஓடிப் போனோம். மாடி முழுக்க நெத்திலி பரப்பியிருந்தது. விமானம் அதன்மேல் வயிற்றால் வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது. ரிமோட் எட்டாத தூரம் போன பிறகும் வாலில் இருக்கிற ஃபேன் நிற்கவில்லை, அடியில் இருந்த வாய் வழியாக நெத்திலியை இழுத்து, பின்னால் பொடியாகத் துப்பியிருக்கிறது. செல்லக்கனியின் தலைமுடியில் எல்லாம் கருவாட்டுப் பொடி. நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் என் மகள் மண்டியிட்டு விமானத்தின் வாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, வாய அடியில வச்சதாக்கும் தப்பு. எறங்கும்போ கெடக்கிறத எல்லாம் விழுங்கும். முதுகுல வைக்கணும்" என்றாள்.

"முதுகுல வாயிருக்க மீன நான் கண்டதே இல்ல பிள்ளே" என்றாள் செல்லக்கனி.

"இது மீனில்லக்கா."

"மணம் அப்படித்தானே அடிக்கி!"

நாலாவது மாடலுக்கு வாய் முதுகுக்குப் போனது. ரிமோட் எட்டாவிட்டால் ஃபேன் தானாக நிற்கிற மாதிரியும் பண்ணினாள். நாசமான நெத்திலிக்கு ஈடு கொடுக்கப் போன நான், செல்லக்கனியிடம் முப்பது பெட்டிக்கு ஆர்டரோடு திரும்பினேன். அதற்குப் பிறகு போன் நம்பர் சிறகில் நன்றாகத் தெரிகிற மாதிரிச் சுற்றச் சொன்னேன். விழுகிறது என்று ஆனபிறகு, விழுகிற இடத்திலாவது நாலு பேருக்குக் கடை தெரியட்டும்.

மற்றபடி எனக்கும் இந்த விமானத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதை நீ நம்ப வேண்டும். சிறகுக்கு எடை குறைந்த தெர்மாகோலும், மூக்குக்கு இறுக்கமான சரக்கும் போடச் சொன்னேன். அது கல்லூரியில் சொல்லிக் கொடுக்காத விஷயம். பிறகு எறிவது நான்தான். இதற்குச் சக்கரம் கிடையாது, கையால் எறிந்துதான் விடவேண்டும். லாரிக்கு மேலே பெட்டி எறிந்து பழகிய தோள், ஜின்சியே "அப்பாக்க ஏறு கொள்ளாம்" என்று என் எறிதலை மெச்சியிருக்கிறாள். அவ்வளவுதான். ஐந்தாவது மாடலுக்குச் சுருக்கம் இல்லாமல் டேப் ஒட்ட உன் அக்காளின் இஸ்திரிப் பெட்டியை எடுத்துக் கொடுத்ததும் நான்தான், அதுவும் சம்பந்தத்தில் சேராது. அதன் அடியில் ஒட்டியிருந்த டேப், பூசைக்குக் கட்டுகிற பட்டுச்சேலையில் போய் இறங்கிவிட்டது. "ஏட்டி, வெறும் டேப்பாக்கும், இழுத்தா வந்துரும்" என்று நான் இழுத்தேன். வந்தது, சரிகையோடு. அன்றிலிருந்து என் சட்டைக்கு இஸ்திரி இல்லை. "அப்பனும் மகளும் அந்த ஃபிளைட்டுலயே ஏறிக் கடைக்குப் போங்க, எனக்க கண்ணு முன்ன வராண்டாம்" என்கிறாள். கசங்கிய சட்டையோடு போனால் வியாபாரிகள் என்ன கஷ்டமோ என்று நினைத்துப் பேரம் பேசாமல் இருக்கிறார்கள். அதில் ஒன்றும் நஷ்டமில்லை.

ஆறாவதைக் கடற்கரையில் விட்டதில் ஒரு போலீஸ்காரர் பைக்கில் வந்துவிட்டார். "யாருக்க ஃபிளைட்டு?" என்று அதட்டினார். பிறகு சிறகில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "எந்த நாட்டுக்காரன்வே மீன் பெட்டி விளம்பரத்தோட சண்டைக்கு வருவான்?" என்று அவரே சிரித்துவிட்டார். கரையில் விடக்கூடாது, உள்ளே வயலில் விடுங்கள் என்று சொன்னார். சொன்னது நியாயம். போகும்போது ஜின்சியிடம், "இதுல ரிவர்ஸ் உண்டா மக்கா?" என்று கேட்டார். ஆறு மாசமாக எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது, கேட்க வெட்கமாக இருந்தது.

இப்படி விழுந்து விழுந்து, ஒவ்வொரு விழுகைக்கும் ஒரு திருத்தம் பண்ணி, ஏழாவது மாடலைச் செய்து முடித்தாள். அதன் வீடியோவைக் கொச்சியில் இந்த மாதிரி விமானங்கள் விற்கிற வர்கீஸ் என்பவருக்கு அனுப்பியிருக்கிறாள். அவர் கிளப்புகளுக்கெல்லாம் சப்ளை பண்ணுகிறவர். திருவனந்தபுரத்துக்கு வருகிறேன், அப்படியே நாகர்கோவிலுக்கும் வந்து நேரில் பார்க்கிறேன் என்றார். எட்டு நிமிஷம் பறக்கவேண்டும், வயிற்றால் இறங்கவேண்டும், உடையக்கூடாது. இது மூன்றும் நடந்தால் மாதம் ஐம்பது விமானம் எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதினார். மாதம் ஐம்பது என்றால் எனக்கு அது சரக்கு. அவளுக்கு என்ன என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அன்றைக்குப் பத்து கிலோ பெட்டி கேட்டவனுக்கெல்லாம் இருபது கிலோ பெட்டிக்குப் பில் போட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வயலுக்குப் போனோம். புறப்படும் முன் வீட்டு முற்றத்தில் ஜின்சி விமானத்தைச் சிறகுக்கு அடியில் இரண்டு விரலால் தாங்கிப் பிடித்தாள். அது முன்னும் சாயாமல் பின்னும் சாயாமல் நீர்மட்டம் பார்த்த மாதிரி நின்றது. "இப்படி நின்னா பறக்கும்ப்பா. இதுக்கு மேல ஒரு கிராம் கூட்டவும் இல்ல கொறைக்கவும் இல்ல" என்றாள். வர்கீஸ் நல்ல மனுஷன், நாற்காலி வேண்டாம் என்று வரப்பில் உட்கார்ந்தார். நான் ஓடிப் போய் எறிந்தேன். ஃபேன் இரைந்தது. விமானம் பத்தடி போனது, மூக்கைத் தூக்கியது. இன்னும் தூக்கியது. ஜின்சி ரிமோட்டில் கீழே கீழே என்று அழுத்துகிறாள், அது மேலே மேலே என்று போகிறது. கடைசியில் தென்னை உயரத்தில் வாலில் நின்று, ஒரு நொடி என்னவோ யோசித்து, பின்பக்கமாக வந்து வயலில் குத்தியது. மூக்கு ஒரு துண்டு, சிறகு இரண்டு துண்டு. கொக்குகூட எழுந்து போய்விட்டது.

வர்கீஸ்தான் முதலில் எழுந்தார். "மோளே, விஷமிக்கண்டா. டிசைன்ல எவிடயோ ஒரு தப்பு உண்டு. கண்டு பிடிச்சா விளி. சனியாழ்ச்ச வரை நான் திருவனந்தபுரத்துல உண்டு" என்று மலையாளத்தில் தேற்றிவிட்டு, கூப்பிடவும் சொல்லிவிட்டுப் போனார். ஜின்சி துண்டுகளைக்கூடப் பொறுக்கவில்லை, நான்தான் பொறுக்கிச் சாக்கில் கட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவள் நோட்டோடு உட்கார்ந்திருக்கிறாள். முதல் பக்கத்திலிருந்து கணக்கைத் திரும்பப் போடுகிறாள், அடிக்கிறாள், மறுபடியும் போடுகிறாள். சாப்பாட்டுத் தட்டில் விரலால் சிறகு வரைகிறாள். உன் அக்காள் தானாகவே போய் ஆட்டுக்கால் வாங்கி சூப் வைத்தாள் என்றால் நிலைமையைப் புரிந்துகொள். இன்று காலை கடை திறந்ததும் என் மேஜைக்கு வந்தாள்.

"மாமாகிட்ட சொல்லிரு அப்பா. நான் தோஹாவுக்குப் போறேன்."

"ஒறப்பாவா?"

"எனக்க கணக்குல எங்கயோ தப்பு இருக்கு. மூணு நாளாத் தேடுறேன், எங்கன்னு தெரியல்ல. தப்பு எங்கன்னு தெரியாத ஒருத்தி பிளேன் செய்யப்பிடாது."

நான் "நல்லதாப் போச்சு" என்றேன். அதுதானே சரி? ஒரு வியாபாரியாகச் சொல்கிறேன், விற்காத சரக்கைக் கட்டிக்கொண்டு மாரடிக்கக் கூடாது. தோஹாவில் ஏசி அறை, நல்ல சம்பளம், பக்கத்தில் மாமா. ஃபைல் வானத்திலிருந்து விழாது. விழுந்தாலும் உடையாது. அவள் கையெழுத்துப் போட்ட விண்ணப்பம், பாஸ்போர்ட் நகல், சர்டிபிகேட் நகல்கள், வெள்ளைப் பின்னணியில் எடுத்த போட்டோ எல்லாம் இதோடு வைத்திருக்கிறேன். போட்டோவில் முகம் வாடியிருக்கிறது, மேனேஜர் கேட்டால் வெயில் என்று சொல். கூடிய சீக்கிரம் விசாவை எடு. டிக்கெட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் மனைவி சிந்தியாவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் முத்தங்கள். எல்லா நாளும் மாதாவின் கை உங்கள் தலைமேல் இருக்கட்டும். வண்டியைப் பையப் பார்த்து ஓட்டு. சர்க்கரை இருக்கிறதா என்று நீயும் ஒரு தடவை பார்த்துக்கொள், உங்கள் குடும்பத்துக்கு அது உண்டு.

இப்படிக்கு, உன் நன்மையையே விரும்பும் அத்தான்,
கிளீட்டஸ்.

பின்குறிப்பு: அபின் போன் செய்தான். டிரெஸ் தைத்து வரவில்லையாம், ஐந்தரைக்குத்தான் வருவானாம். ஒன்றரை மணி நேரம் இந்தக் கவரை முன்னால் வைத்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

மேலே எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதினேன் என்று சொன்னேன். ஒன்றை விட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் புது வள்ளம் இறக்கும்போது, பங்குச்சாமியார் மந்திரித்துவிட்டுப் போன பிறகு, வீட்டுக்குப் பெரியவன் ஒரு பித்தளைச் சிலுவையை அமரத்தில், அதுதான் பின்கோடியில், யாருக்கும் தெரியாமல் வைப்பான். முக்கியமாக வள்ளம் ஓட்டுகிறவனுக்குத் தெரியக்கூடாது, தெரிந்தால் பலன் போய்விடும். எங்கப்பா எல்லா வள்ளத்துக்கும் வைத்தார். ஒன்றும் கவிழவில்லை. அந்தச் சிலுவை என்னிடம்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் இரண்டு விரலில் தாங்கிப் பார்த்துவிட்டுச் செருப்பு மாட்டப் போன நேரம், அதை விமானத்தின் வாலுக்குள் வைத்து இரண்டு சுற்று டேப் போட்டேன். வயலில் துண்டுகளைப் பொறுக்கும்போது அதையும் உருவி மடியில் கட்டிக்கொண்டேன்.

நேற்று அதைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். நாற்பத்திரண்டு கிராம். ஒன்றும் இல்லாத எடை என்றுதான் இரண்டு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் தராசுக் கோலின் நுனியில் தொங்குகிற எடை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாதா? வாலில் இரண்டு கிராம் கூடுகிறது என்று உப்புத்தாளால் ஒரு பொழுது முழுக்கத் தேய்த்த பிள்ளை அவள்.

அளியா, என் மகள் கணக்கில் தப்பு இல்லை.

விண்ணப்பத்தையும் பாஸ்போர்ட் நகலையும் கவரிலிருந்து எடுத்துவிட்டேன், தேடாதே. அந்த வேலையை வேறு யாருக்காவது சொல்லி வை. மேனேஜரிடம் பெண்ணின் அப்பனுக்குக் கிறுக்கு என்று சொல், பொய்யாகாது. இப்போது எழுந்து போய் அவளிடம் சொல்லப் போகிறேன். ஆயிரம் லாரிக்காரனிடம் முகத்துக்கு நேரே பேசியவனுக்குக் கால் வரமாட்டேன் என்கிறது, ஆனால் போய்விடுவேன். இன்று புதன். சனிக்கிழமை வரைக்கும் வர்கீஸ் திருவனந்தபுரத்தில் இருக்கிறார். எட்டாவதுக்கு வேண்டிய தெர்மாகோலை இப்போதுதான் எடுத்து வெளியே வைத்தேன்.

எறிவது நான்தான், அவள் இன்னும் என்னை எறிய விட்டால். சிலுவையை என் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். எறிகிறவன் எடை கூடினால் விமானத்துக்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறேன், இருந்தாலும் இந்தத் தடவை அவளிடம் கேட்டுவிட்டே போட்டுக்கொள்கிறேன்.